ஆளுக்கு ஒரு சக்கரம்

ஒக்கலிபுரம், பெங்களூரு
22 செப்டம்பர் 2025

தமயந்தி,

போனில் பேசமாட்டேன் என்று மார்ச்சில் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அன்று பேச்சு வரவில்லை. ஆகவே இது வாக்கு மீறல் இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும். ஞாயிறுகளில் நீ அவளிடம் பேசுகிறாய் என்று தெரியும். மழை, சாம்பார், பக்கத்து வீட்டு நாய். நான் எழுதப்போவதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். "உங்க சண்டைக்கு நான் தபால்காரி இல்லடி" என்று இரண்டு பேரிடமும்தானே சொல்லிவைத்திருக்கிறாள்.

காந்தா சித்தி வீட்டுக்குப் போனோம். கனகபுரா தாண்டி, பட்டுப்புழு வளர்க்கிறார்களே, அந்தப் புது வீடு. ஜீப்பில். நான் ஓட்டினேன். அம்மா பின்னால், எப்போதும் உட்காரும் பெஞ்சில். வழியில் ஓர் ஓடை உண்டு. போகும்போது கணுக்கால் நனையும் அளவு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மேலே எங்கோ மழை பெய்திருந்தது. எங்களுக்குத் தெரியாது.

நடு ஓடையில் பின்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினேன். முன்சக்கரங்கள் அசையவில்லை. மறுபடி மாற்றினேன். அசையவில்லை. தண்ணீர் கதவு இல்லாத பக்கமாக உள்ளே வந்து, மெதுவாக, நிதானமாக, பெஞ்சு வரைக்கும் ஏறியது.

அம்மா உள்ளே இருந்தாள்.

யாரோ பார்த்து டிராக்டர் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல். பிறகு நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நீ சென்னைப் பக்கம் கிளம்புவதற்கு முன் அந்த வண்டியின் முன் அச்சை முழுவதும் பிரித்துப் பூட்டினாய். அதற்கு முன் அது நம்மைச் சேற்றில் விட்டதே இல்லை. அப்பா தங்கச் சுரங்கத்தில், மைன்ஸில், ஓட்டிய காலத்தில்கூட. இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

ஜெயநகரில் பத்ரிநாத் என்று ஒருவர் பழைய ஜீப்புகளைச் சேர்க்கிறார். கேட்கிறார். எனக்கு இனி அதை ஓட்டும் துணிவு இல்லை. வண்டி அம்மா பெயரில் இருக்கிறது. "ரெண்டு பேரும் சரின்னு சொன்னா கையெழுத்து போடறேன். ஒருத்தி சொன்னா போடமாட்டேன்" என்கிறாள்.

போவதற்கு முன் நீ சொன்னாய்: அது வண்டி இல்லை, அப்பாவின் பிணம், வாசலில் வைத்துக்கொண்டு இருக்கிறோம் என்று. அப்படியென்றால் உனக்குச் சிரமம் இருக்காது.

சரி என்று ஒரு சொல் எழுது. போதும்.

சங்கமித்ரா


மறைமலை நகர்
26 செப்டம்பர் 2025

சங்கமித்ரா,

சரி.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். பேனாவை மூடிவைத்தேன். பிறகு திறந்தேன்.

"அம்மா உள்ளே இருந்தாள்." ஒரே வரி. அதற்கு முன்னும் பின்னும் இடம் விட்டு எழுதியிருக்கிறாய். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், எதை எங்கே வைத்தால் வலிக்கும் என்று உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் பேசினேன். காய்ச்சலாமே என்றேன். "யாருக்கு? நாய்க்கா?" என்றாள். விட்டுவிட்டேன்.

இங்கே என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். புதிய ஜீப்புகளுக்கு முன் அச்சு செய்கிறோம். கடைசியில் நான் பார்த்து ஓகே போட்டால்தான் அது வாசலைத் தாண்டும். நேற்று ஓர் அச்சு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கை போகவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் போடச் சொன்னேன். "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்றான்.

நம் வண்டியின் அச்சை மனதுக்குள் பிரித்துப் பூட்டிக்கொண்டே இருக்கிறேன். பேரிங், சீல், கிரீஸ். ஒவ்வொரு போல்ட்டையும் திருகிய ஞாபகம் இருக்கிறது. ஒரு போல்ட்டில் மட்டும் நின்றுவிடுகிறேன். அன்று நீ வாசலில் நின்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். அதை முடுக்கினேனா? முடுக்கினேன். முடுக்கியிருப்பேன். பார், ஒரே மூச்சில் இரண்டு விதமாக எழுதுகிறேன்.

வரவேற்பறைச் சுவரில் இந்த வண்டியின் சரித்திரத்தைப் படம் படமாக மாட்டியிருக்கிறார்கள். சுதந்திரத்தை ஒட்டி அமெரிக்காவிலிருந்து பெட்டிகளில் பிரிந்து வந்து பம்பாயில் பூட்டப்பட்ட வில்லிஸ். பிறகு பானெட் உயர்ந்தது. பிறகு டீசல். பிறகு நம்முடைய 540 மாடல், ஆலிவ் பச்சை, யாரோ மலையில் நிறுத்தியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பாகலூர் ரோட்டில் அதன் பின் பெஞ்சில் போய் இடுப்பு கழன்றவர்கள் அவர்களில் யாரும் இல்லை. போலீஸ், காடு, கட்சி மீட்டிங், மைன்ஸ், எல்லாவற்றுக்கும் ஓடிய வண்டி என்று கீழே எழுதியிருக்கிறது. மைன்ஸ் என்ற சொல்லைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைசிப் படம் புது வண்டி. அதில் யாரும் இறங்கவேண்டாம். உள்ளே இருந்தபடியே எல்லாம் பூட்டிக்கொள்ளும். சேறு உன் செருப்பைப் பார்க்காது. விற்கிறவர்கள் அதைத்தான் சொல்லி விற்கிறார்கள்.

விற்றுவிடு. ஆனால் ஒரு உதவி. அதற்கு முன் சிவாஜிநகர் குஜிரியில், அந்தப் பழைய இரும்புச் சந்தையில், மெக்கானிக் யேசுதாஸ் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோ. அச்சைப் பிரித்துப் பார்க்கச் சொல். என் தப்பு எது என்று எனக்குத் தெரியவேண்டும். தெரியாமல் விற்றால், எங்கோ ஓர் ஆள் வண்டியில் என் தப்பு ஓடிக்கொண்டிருக்கும். அவர் அம்மாவும் பின்னால் உட்காருவாள்.

அன்று நடந்ததையும் எழுது. உன் உணர்ச்சிகள் வேண்டாம். எங்கே இறங்கினாய், எதைத் தொட்டாய், என்ன சத்தம் கேட்டது. அதை மட்டும்.

தமயந்தி


ஒக்கலிபுரம்
4 அக்டோபர் 2025

தமயந்தி,

உணர்ச்சிகள் இல்லாமல் எழுதுகிறேன். கஷ்டமாக இருக்கிறது.

யேசுதாஸ் அண்ணன் முன் அச்சைப் பிரித்தார். அதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றும் டாக்டர் மாதிரி. "தமயந்தி பூட்டுனதா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ எனுக்கு வேலை இருக்காதே" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

வேலை இருக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. நீ சந்தேகப்பட்ட போல்ட், எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எந்த போல்ட்டும் தளர்ந்திருக்கவில்லை. மறுபடி பூட்டி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, நான்கு சக்கரத்தையும் ஓடவிட்டுக் காட்டினார். நான்கும் சுற்றின. "சக்கத்தா கீது மேடம். ரிப்பேரே இல்ல. ஏனூ இல்ல" என்றார். பிறகு ரோட்டில் ஓட்டுவதற்காக முன்சக்கரப் பூட்டைத் தளர்த்திவிட்டுத் தந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும்.

அசோக விஜயதசமிக்கு விகாரைக்குப் போய்வந்த மறுநாள் கல்லூரி விடுமுறை. நாகரபாவிக்கு அப்பால் மனை போட்டு விற்காமல் கிடக்கிற நிலம் இருக்கிறதே, மழையில் களியாகிக் கிடந்தது. தனியாகப் போனேன். வேண்டுமென்றே இறக்கினேன். சிக்கியது. எல்லாம் செய்தேன். முன்சக்கரம் அசையவில்லை. ஓடையில் எப்படியோ அப்படியே.

பக்கத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் கன்னடத்தில், "அக்கா, இது ஜீப் அல்ல, எம்மெ" என்றார். எருமையாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். மன்னிக்கவும், இது உணர்ச்சி.

இனி நீ கேட்டது. ஓடையில் நடந்தது.

நின்றதும் ஆக்ஸிலரேட்டரை விட்டேன். நீ சொல்வாயே, மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும் என்று. இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பானெட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சுற்றிப் போனேன். இழுப்பு பலமாக இருந்தது, ஒருமுறை கால் வழுக்கியது. அந்தப் பக்கம் போய், குனிந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தண்ணீருக்குள் தடவிக் கண்டுபிடித்து, 'லாக்'குக்குத் திருப்பினேன். டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி சுற்றி வந்து ஏறினேன். சின்ன லீவரை இழுத்தேன். அதுவும் சரியாக விழுந்தது. கிளட்சை விட்டேன். பின்னால் மணல் தெறித்தது. முன்னால் ஒன்றும் இல்லை. ஏதோ உள்ளே சும்மா சுற்றுகிற மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான்.

டிராக்டர்காரர் கேட்டார்: "ஃபோர் வீல் இருந்தும் ஏன் சார் சிக்கினீங்க?" என்னைச் சார் என்றார், இருட்டவில்லை, தலையில் துண்டு கட்டியிருந்தேன். லீவரை இழுத்தால் மட்டும் போதாது, இறங்கி ஹப்பைத் திருப்பினால்தான் முன்சக்கரம் அச்சோடு சேரும், அதையும் செய்தேன் என்று விளக்கினேன். அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை எடுத்தார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். யேசுதாஸ் அண்ணன் கையில் ஓடுகிறது. உன் கையில் ஓடியது. அப்பா கையில் ஓடியது. அப்படியென்றால் உன் தப்பு இல்லை. நீ இனி உன் அச்சுகளுக்கு ஓகே போடலாம். தப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அது நான் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு, பத்ரிநாத் வருகிறார். நீ சரி என்று எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள். உன் கையெழுத்து கெட்டுவிட்டது என்றாள்.

சங்கமித்ரா


மறைமலை நகர்
10 அக்டோபர் 2025

மித்ரா,

இதைத் தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. உனக்குப் போன் செய்தேன். நீ என் எண்ணை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறாய், நல்ல பிடிவாதம். அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் பேசற வேலை கொறஞ்சிடும்" என்று வைத்துவிட்டாள். அதனால் எங்கள் பெயிண்ட் ஷாப் சந்தானத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை பிருந்தாவன் ரயிலில் மாமியார் வீட்டுக்கு வருகிறான். அவனுக்குக் காபி கொடு. இரண்டாவது காபி கேட்பான், கொடுக்காதே, எழுந்து போகமாட்டான்.

வண்டியை விற்காதே.

உன் கடிதம் வந்ததும் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் மறுபடி படித்தேன். நீ தண்ணீரில் சுற்றிப் போன இடத்தில் பயம் வந்து நிறுத்தினேன். கால் வழுக்கியது என்று எழுதியிருந்தாயே, அங்கே. இவள் ஏன் இந்த இழுப்பில் வண்டியைச் சுற்றிப் போகிறாள் என்று கோபம் வந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

ஏன் சுற்றிப் போனாய்?

ஓட்டுகிறவள் வலப்பக்கம் இறங்குகிறாள். இறங்கினால் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு முன்சக்கரம். அதன் நடுவில் ஒரு ஹப். நீ அதைத் தாண்டி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் போய், அங்கே இருக்கிற ஹப்பைத் திருப்பிவிட்டு, மறுபடி இதைத் தாண்டி வந்து ஏறியிருக்கிறாய்.

ஹப் இரண்டு, மித்ரா.

நீ எழுதியிருப்பது ஒன்று. உனக்கு உன்னுடையது மட்டும்தான் தெரியும்.

நீ ஸ்கூல் போகாத வயசு. மைன்ஸ் கம்பெனி மூடி, அப்பா ஏலத்தில் இந்த வண்டியை எடுத்துவந்த புதிது. ஹப்பை யார் திருப்புவது என்று நமக்குள் அடிதடி. அப்பா சொன்னார்: "ஆளுக்கு ஒரு சக்கரம். அவ பக்கம் அவ, உன் பக்கம் நீ. அடுத்தவ பக்கம் கை வெச்சா ரெண்டு பேரையும் மைன்ஸ் மாரிகுப்பம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவேன்." எனக்கு வலது, உனக்கு இடது. அவர் இறங்கவே மாட்டார். நாம் இறங்கி, திருப்பி, ஆளுக்கொரு பக்கம் கையைத் தூக்கிக் காட்டவேண்டும். அவருக்குப் பிறகு நான் ஓட்டினேன். வலப்பக்கம் இறங்கினேன், அது என்னுடையதாகவே இருந்தது. நீ இடப்பக்கம் இறங்கினாய். சேறு வந்தால் பேசிக்கொள்ளக்கூட மாட்டோம்.

ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் என்ன ஆகும் தெரியுமா? முன்னால் வருகிற விசை எல்லாம் பூட்டாத பக்கத்தில் சும்மா சுழன்று தீர்ந்துவிடும். பூட்டிய சக்கரத்துக்குக்கூடப் போகாது. நீ கேட்ட முனகல் அதுதான். யேசுதாஸ் அண்ணன் இரண்டையும் பூட்டித்தான் ஓட்டிக் காட்டியிருப்பார். இரண்டையும் தளர்த்தித்தான் உன்னிடம் கொடுத்திருப்பார். நீ நாகரபாவிக்குப் போய் மறுபடி உன்னுடையதை மட்டும் திருப்பியிருக்கிறாய்.

வண்டியை உன்னிடம் விட்டுவரும்போது எல்லாம் சொன்னேன். ஆயில், பிரேக், மழையில் வைப்பர் நின்றால் எங்கே தட்டவேண்டும் என்பது வரை. வலது ஹப்பைச் சொல்லவில்லை. அதை ஒருத்திக்குச் சொல்லித்தரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது நான் செய்கிற வேலை. நான் போனால் அதைச் செய்ய ஆள் வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டெஸ்ட் டிராக் வரைக்கும் நடந்து போனேன். அங்கே ஒரு புது வண்டி நின்றது. அதன் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, நடுவில் கை வைத்தேன். வழவழவென்று ஒரு மூடி. திருப்ப ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள், மேடத்துக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். கிடைத்தது உண்மைதான்.

பிறகு போய், தேங்கிக் கிடந்த அச்சுகளுக்கெல்லாம் ஓகே போட்டேன்.

பிணம் என்று சொன்னேனே. அதை என்னோடு எடுத்துக்கொண்டு வரமுடியாது என்று தெரிந்த கோபத்தில் சொன்னது. வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக்கூடாது என்று. நீகூட.

நான் எழுதிய 'சரி'யைக் கிழித்துவிடு. அம்மாவிடம் காட்டிவிட்டுக் கிழி.

அக்கா


ஒக்கலிபுரம்
12 அக்டோபர் 2025

அக்கா,

இரண்டாவது காபி கொடுத்துவிட்டேன். சந்தானம் நேற்று ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்து சென்னை டிராபிக்கைப் பற்றிப் பேசினார். உன் கடிதம் என் மடியில் பிரிக்காமல் இருந்தது.

அவர் போனதும் படித்தேன். "ஹப் இரண்டு, மித்ரா" என்ற வரியில் எழுந்துவிட்டேன். கீழே ஓடிப்போய் வண்டியின் முன்னால் நின்றேன். இரண்டு. ஆமாம். கண் முன்னால், எப்போதும் இருந்த இடத்தில். வலப்பக்கத்துச் சக்கரத்தை நான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன், எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். தொட்டுத் திருப்பியதில்லை. அது உன் பக்கம்.

பத்ரிநாத்தை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஒரு சாட்சி வேண்டும்போல இருந்தது. வந்தார். வெள்ளை ஷூ. நல்ல மனிதர். வண்டியின் பெயர்த்தகட்டைப் படித்துவிட்டு ஒரு குழந்தையின் பெயரைக் கேட்ட மாதிரி தலையாட்டினார். சேற்றில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அம்மா, "நானும் வரேன்" என்றாள். டாக்டர் வெளியே போகவேண்டாம் என்றாரே என்றேன். "டாக்டர் ஓடைக்குத்தான் போகவேணாம்னாரு" என்று பின் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நாகரபாவி. அதே களி. என்னை எருமை என்று சொன்னவர்கள், அதாவது வண்டியை, மேலே சாரத்தில் நின்று கைகாட்டினார்கள். இறக்கினேன். சிக்கியது. அவர்களுக்கு ஒரே குஷி.

நான் இறங்கினேன். பத்ரிநாத்தும் இறங்கப் பார்த்தார். "எறங்காதீங்க சார், ஷூ அழுக்காயிடும்" என்றாள் அம்மா.

அக்கா, கடிதம் படித்திருந்தும் என் கால் முன்னால் சுற்றிப் போகத்தான் பார்த்தது. நிறுத்தினேன். வலப்பக்கத்து ஹப்பின் முன் குந்தினேன். அது திரும்பவில்லை. போன முறை ஏறிய களி காய்ந்து இறுகியிருந்தது. யேசுதாஸ் அண்ணன் திருப்பியதற்கு அப்புறமும் இத்தனை முரண்டு. உன்னை மாதிரி. துப்பட்டாவைச் சுற்றி இரண்டு கையாலும் திருப்பினேன். டக்.

அந்தச் சத்தம் இடப்பக்கத்துச் சத்தம் மாதிரி இல்லை. கொஞ்சம் கனம். உனக்கு மட்டும் தெரிந்த சத்தம்.

எழுந்தால், அம்மா இடப்பக்கம் இறங்கி நின்றுகொண்டிருக்கிறாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னுடைய ஹப்பைத் திருப்பிவிட்டாள். திருப்பிவிட்டு, நம்மை மாதிரியே, கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒனுக்கு எப்டிமா தெரியும்?" என்றேன்.

"பின்னாடி ஒக்காந்து இத்தினி வருஷமா வேற இன்னாத்த பாத்துனு இருந்தேன்? நீ இந்தாண்ட, அவ அந்தாண்ட."

"அப்போ ஓடையில ஏன் சொல்லல? நான் ஒண்ணுதானே திருப்புனேன்!"

"அவ பெரிய இன்ஜினியரு, மொத்தமா பிரிச்சிப் பூட்டிட்டுப் போனாளே. இனிமே ஒண்ணு போதும்போலன்னு நெனச்சேன். அவளக் கேக்கலாம்னா, அவ பேர எடுத்தாலே நீ எழுந்து போயிடற."

அங்கேயே, சேற்றில், சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தேன். நிறுத்தமுடியவில்லை. அம்மா முதலில் முறைத்தாள், பிறகு அவளும். பத்ரிநாத் உள்ளே உட்கார்ந்தபடி யாராவது விளக்குவார்கள் என்று காத்திருந்தார்.

ஏறினேன். லீவர். கிளட்ச். முன்சக்கரங்கள் களியைக் கடித்தன. உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஒரு கணம், வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே எழும். பிறகு அவசரமே இல்லாமல், நடந்து வெளியே வருவதுபோல வந்தது. சாரத்தில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். "ஈக ஜீப்!" என்று கத்தினார்கள். இப்போது ஜீப்.

ஓடையிலிருந்து இன்றைக்குத்தான் வெளியே வந்தேன் என்று தோன்றியது. இத்தனை நாளும் தண்ணீர் எங்கோ என் கழுத்தளவில் இருந்துகொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது பத்ரிநாத்திடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "நீங்க குடுக்க மாட்டீங்க மேடம். பர்வாகில்ல. எங்கிட்ட ஆறு இருக்கு, எல்லாம் ஷெட்ல. ஒண்ணுக்கும் ஹப் திருப்பி நான் பாத்ததில்ல." கொஞ்ச தூரம் போனதும், "எப்பனாச்சும் கூப்பிடுங்க, வேற ஷூ போட்டு வரேன்" என்றார்.

உன் 'சரி'யை அம்மா என்னிடமிருந்து வாங்கி அவளே கிழித்தாள். நான்காகக் கிழித்து ஜன்னல் வழியே போடப் போனவள், யோசித்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். போன் செய்யமாட்டேன் என்று சொன்னது நான், அதனால் நீதான் செய்யவேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு கடிதம் எழுது. உன் கையெழுத்து உண்மையிலேயே கெட்டுவிட்டது. பழகவேண்டும்.

மித்ரா


மறைமலை நகர்
15 அக்டோபர் 2025

மித்ரா,

பழகுகிறேன்.

உன் கடிதத்தை நின்றபடியே, பஸ் ஸ்டாப்பில் படித்தேன். அம்மா கையைத் தூக்கிக் காட்டிய இடத்தில் என் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. அடுத்ததில் உட்கார இடம் கிடைத்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒண்ணு போதும்னு நெனச்சியாமே?" என்றேன். "நீ புச்சா கண்டுபிடிச்சிருப்பேன்னு நெனச்சேன். நான்தான் தப்பா நெனச்சிட்டேன், நீ ஒண்ணும் கண்டுபிடிக்கல" என்றாள். இந்த ஆறேழு மாதத்தில் முதல்முறையாக அவள் என்னிடம் மழையைப் பற்றிப் பேசவில்லை.

கம்பெனியில் இன்று ஒரு பெரிய கூட்டம். புது வண்டியில் என்ன சேர்க்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டார்கள். இரண்டு பேர் இறங்கவேண்டிய மாதிரி ஏதாவது வைக்கலாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வேலை வேண்டும்.

தீபாவளிக்கு லீவு விடுகிறார்கள். சனிக்கிழமை பிருந்தாவனில் வருகிறேன். மழை இருந்தால் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும், அதனால் ஆட்டோ வேண்டாம், வண்டியைக் கொண்டுவா. மறுநாள் காந்தா சித்தி வீட்டுக்குப் போவோம். அந்த ஓடையை நான் பார்க்கவேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் கடப்போம். குறையாவிட்டால் இந்தக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். கடந்துதான் ஆகவேண்டும் என்று இப்போது எனக்கு ஒன்றும் இல்லை.

நீ ஓட்டு. நான் இடப்பக்கம் உட்காருகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ரோட்டை நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். சேறு வந்தால் நான் இறங்கி, என்னை அறியாமல், முன்னால் சுற்றி உன் பக்கத்துக்கு ஓடிவந்துவிடுவேன். நீயும் பழக்கத்தில் அந்தப் பக்கம் ஓடுவாய். பானெட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம்.

அம்மாவைச் சிரிக்கவேண்டாம் என்று சொல்லிவை.

அக்கா